இன்னும் ஒரு வாய்

பேருந்திலிருந்து இறங்கியதும் ராமாமிர்தம் கேட்ட முதல் கேள்வி கடலைப் பற்றியதல்ல.

“இங்க டவர் கெடைக்குமா மாப்ள?”

“நடுக்கடல்லயே கெடைக்கும் அத்தை, இந்த ஊர்ல,” என்றான் இளவரசு.

“பதினோரு மணிக்குக் கெடைக்கணும்.”

தைவானில் பதினொன்று என்றால் கடலூரில் எட்டரை. மஞ்சக்குப்பத்து வீட்டில் அவள் கணவர் தில்லைநாதனுக்குக் காலை ஆகாரம் கொடுக்கிற நேரம். ஐந்து வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து, ராமாமிர்தம் ஊட்டினால்தான் அவர் சாப்பிடுவார். மகளின் வளைகாப்புக்காக அவள் விமானம் ஏறியபின் ஊட்டுவது ரத்தினம்மாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து வீட்டோடு தங்கியிருக்கிறவள். ஆனால் அவள் ஊட்டும்போது எதிரே போனில் ராமாமிர்தம் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்டூலில் எவர்சில்வர் சொம்பை வைத்து அதில் போனைச் சாய்த்துவிட்டு, ரசத்தில் குழைத்த இட்லியைக் கரண்டியில் எடுப்பாள் ரத்தினம்மாள். இங்கிருந்து ராமாமிர்தம் “ஆ” என்பாள். அவர் வாயை இறுக்கிக்கொள்வார். மறுபடி “ஆ” என்பாள். மூன்று வேளையும் இதுதான்.

“அம்மா, போன உள்ள வச்சிட்டு கீழ பாத்து நட. கல்லு வழுக்கும்,” என்றாள் சத்யப்பிரியா.

“நீ பாத்து நட. ஏழு மாசத்த வச்சிக்கிட்டு பாறையில ஏற வந்துட்டா.”

“ஏற வரல. பாக்க வந்திருக்கோம். நீ வந்ததுலேர்ந்து எங்க வீட்டு சிங்க்க தவிர என்னா பாத்திருக்கற?”

அது உண்மைதான். தைபேயில் மகள் குடியிருக்கும் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியும், கீழே காய்கறி விற்கும் சந்தும், மாவரைக்கும் இயந்திரமும்தான் அவள் பார்த்த தைவான். நாளை இரவு அவளுக்குத் திரும்பும் விமானம். அதற்குள் எதையாவது காட்டிவிட வேண்டும் என்று இளவரசு சனிக்கிழமையை ஒதுக்கி இந்த யேலியு பாறைப் பூங்காவுக்கு அழைத்து வந்திருந்தான். அவனும் பிரியாவும் சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்து இங்கே ஆராய்ச்சி வேலைக்கு வந்து நான்கு வருடமாகிறது.

நாளை விமானம் என்றுதான் எல்லோரும் சொன்னார்களே தவிர, போவது இன்னும் முடிவாகவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப் போடுவதென்றால் இன்று மாலைக்குள் மாற்ற வேண்டும். பிரியாவுக்கு தை மாதத்தில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டியவள். ஆனால் தாய்வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு கட்டில் கிடந்தது; ஒரு வீட்டில் எத்தனை நோயாளிக் கட்டில் போட முடியும்? அதனால் தாய் இங்கே வந்தாள். ‘குழந்தை பிறக்கும் வரை இரு’ என்று பிரியா ஒரே ஒரு முறை கேட்டாள். “அப்பா சாப்புட்டாருன்னா இருக்கறேன். சாப்புடலன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது,” என்றாள் ராமாமிர்தம். அதற்குப் பிறகு மகள் கேட்கவில்லை. இரவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளிச்சம் போடாமல் நடந்தாள். வளைகாப்பு வளையல்கள் சத்தம் போடாதபடி முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு நடந்தாள். ராமாமிர்தத்துக்குத் தூக்கம் வராததால் அது தெரிந்தது.

தில்லைநாதன் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வேளையும் நான்கு வாய், மிஞ்சினால் ஐந்து வாய். பிறகு தலையைத் திருப்பிக்கொள்வார். “நீங்க வச்சிடுங்கக்கா, மீதிய நான் பாத்துக்கறேன்,” என்று ரத்தினம்மாள் தேறுதலாகச் சொல்வாள். பெட்டி பாதி கட்டியாகிவிட்டது.

நுழைவு டிக்கெட் வாங்கி உள்ளே போனார்கள். கடலுக்குள் நீண்டிருந்த ஒரு முனை அது. மஞ்சளும் பழுப்புமாகப் பாறைத்தரை. அதிலிருந்து காளான் போல, மெழுகுவத்தி போலக் கற்கள் எழுந்து நின்றன. ஒரு இடத்தில் இஞ்சிக் கிழங்கைக் கொட்டிவைத்தது போலக் கிடந்தது. தரையெங்கும் பணியாரச் சட்டி போலக் குழிகள், குழிகளில் நேற்றைய அலை விட்டுப்போன தண்ணீர்.

“யாரும் செதுக்கல அத்தை. எல்லாம் கடலும் காத்தும் பண்ணதுதான்,” என்றான் இளவரசு. “மேல இருக்கற கல்லு கெட்டி. கீழ இருக்கறது மெத்து. கடலு கெட்டிய உட்டுட்டு மெத்தத்தான் திங்கும். அதான் கழுத்து மாரி ஆயிடுது.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருநாள் தல உழுந்துடும்.”

“நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறீங்க, வாயும் வயிறுமா இருக்கறவள பக்கத்துல வச்சிக்கிட்டு,” என்றாள் ராமாமிர்தம். பிரியா சிரித்தாள். ராமாமிர்தமும் சிரிக்க முயன்றாள். அவளுக்குக் கால் வலித்தது. ஊரில் ‘தானே’ புயல் வந்த அன்று அடித்ததைப் போலக் காற்று காதுக்குள் புகுந்து அடித்தது. கடலூரில் கடல் அவள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம்தான். மாசி மகத்துக்கு சாமி கடலாட வரும்போது கும்பலோடு தேவனாம்பட்டினம் போனதைத் தவிர, சும்மா பார்ப்பதற்கென்று அவள் கடலுக்குப் போனதே இல்லை. சும்மா பார்ப்பது எப்படி என்றும் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் மணி என்ன என்றுதான் தோன்றியது.

ராணியின் தலை என்று பெயர் பெற்ற பாறைக்கு முன்னால் நீண்ட வரிசை. உயரக் கொண்டை, நீட்டிய மூக்கு, ஒல்லிக் கழுத்து. ஒவ்வொருவராகப் போய் அதனருகே நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். இவர்களும் நின்றார்கள். வரிசை பாதி நகர்ந்தபோது ராமாமிர்தத்தின் கையிலிருந்த போன் அடித்தது.

“அக்கா, ரெடியா? சாரு ஒக்காந்துட்டாரு,” என்றாள் ரத்தினம்மாள்.

திரையில் தில்லைநாதன். தோளில் துண்டு, பின்னால் இரண்டு தலையணை. அவர் கண் போனைத் தேடி வந்து அவள் முகத்தில் நின்றது. உதடு மூடிக்கொண்டது.

“எங்க, ஆ காட்டுங்க. ஆ…”

கரண்டி உதட்டில் முட்டி நின்றது.

“ஒரு வாய். ஒரே ஒரு வாய். இதோ பாருங்க, கடலு. கல்லு பாருங்க. ஆ…”

ஊட்டுகிறவர்கள் தங்கள் வாயையும் சேர்த்துத் திறப்பார்கள். அது தெரியாமல் நடப்பது. ராமாமிர்தம் தைவான் கடற்கரையில் நூறு பேருக்கு நடுவே வாயை அகலத் திறந்துகொண்டு நின்றாள். முன்னால் நின்ற வயதான தைவான்காரி திரும்பிப் பார்த்து, பிரியாவின் வயிற்றைக் காட்டி, போனைக் காட்டி, கைகளால் தாலாட்டுவது போல ஆட்டிக் காண்பித்தாள். பேரக்குழந்தையா என்று கேட்கிறாள். ராமாமிர்தம் தலையாட்டிவைத்தாள்.

ஒரு வாய் இறங்கியது. இன்னொன்று பாதி வெளியே வழிந்தது. ரத்தினம்மாள் துண்டால் துடைத்தாள்.

“அம்மா, அடுத்தது நாமதான். கட் பண்ணு,” என்றாள் பிரியா.

“இரு, ரெண்டு வாய்தான் எறங்கியிருக்கு.”

“மா, பின்னாடி எவ்ளோ பேர் நிக்கறாங்க பாரு.”

“நீங்க போய் எடுத்துக்குங்க. நான் இந்தப் பக்கம் நிக்கறேன். என்னா ரத்தினம், படம் நிக்குது? கேக்குதா? ஆ காட்டச் சொல்லு…”

படம் உறைந்திருந்தது. தில்லைநாதனின் மூடிய வாய் அப்படியே நின்றது. ராமாமிர்தம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள். இரண்டடி நகர்ந்தபோது படம் அசைந்தது, மறுபடி நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். ‘ஆ, ஆ’ என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். தரையில் போட்டிருந்த சிவப்பு எல்லைக்கோட்டை அவள் பார்க்கவில்லை.

விசில் சத்தம் காதைக் கிழித்தது. காவலாளி ஒருவர் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார். திடுக்கிட்டுத் திரும்பியதில் போன் கையிலிருந்து நழுவி, ஒருமுறை கல்லில் பட்டு, பணியாரக் குழி ஒன்றுக்குள் விழுந்தது. கோட்டுக்கு அப்பால் பாறை சரிந்து நேரே கடலில் இறங்குவதை அப்போதுதான் பார்த்தாள். அலை ஒன்று மேலேறி வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போனது.

காவலாளி அவள் முழங்கையைப் பிடித்துக் கோட்டுக்கு உள்ளே கொண்டுவந்து விட்டார். தானே குனிந்து போனை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தார். திரை கறுத்துப் போயிருந்தது.

“எங்கம்மா போற நீ? எங்க போற?” பிரியா மூச்சு வாங்க வந்தாள். “உழுந்திருந்தா?”

“ஒன் போன குடு.”

“மொதல்ல ஒக்காரு.”

“குடுடி. பாதியில கட்டாயிடுச்சு. மாத்திர போடணும், வெறும் வயித்துல போட்டா வாந்தி எடுப்பாரு.”

பிரியாவின் போனில் முயன்றார்கள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. ராமாமிர்தம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். புரையேறியிருக்கும், அதான் எடுக்கவில்லை. தெருவில் யாரையாவது கூப்பிட ஓடியிருப்பாள். “நாளைக்கே போயிடறேன். இனிமே இது ஆவாது,” என்றாள், யாரையும் பார்க்காமல். இளவரசு பெஞ்சில் தன் பையை நகர்த்தி இடம் செய்தான். அவள் உட்காரவில்லை.

நான்காவது முறை ரத்தினம்மாள் எடுத்தாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“தட்டு கழுவிக்கிட்டிருந்தேன்கா. என்னாச்சு, பட்டுனு கட்டாயிடுச்சு? ஏதோ விசிலு கேட்டுச்சு.”

“அவரு எங்க? சாப்ட்டாரா?”

“சாப்ட்டாச்சு. வாய் தொடச்சி மாத்திரையும் குடுத்துட்டேன்.”

“எவ்ளோ சாப்ட்டாரு?”

“வச்சது பூரா. ரெண்டு இட்லியும்.”

“பொய் சொல்லாத ரத்தினம். ரெண்டு வாய் எறங்கறதுக்கே அந்தப் பாடு படுத்துனாரு, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“அது நீங்க இருக்கறப்பக்கா.”

தண்ணீர்க் குழாயை அவள் மூடும் சத்தம் கேட்டது.

“தெனமும் அப்படித்தான். நீங்க வச்சப்புறம் மடமடன்னு சாப்ட்டுடுவாரு. ஒங்க மொகத்தப் பாத்தாத்தான் இந்த அடம். எம் பேரனும் இதே கததான், அவுங்கம்மாகிட்ட மட்டும் ஆட்டம் காட்டுவான். என்கிட்ட வாலாட்டறதில்ல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேனே. மீதிய நான் பாத்துக்கறேன்னு தெனமும்தான சொல்றேன்.” ரத்தினம்மாளின் குரல் கொஞ்சம் தணிந்தது. “அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு ஆ, ஆன்னு கத்தறீங்க. ஒங்களுக்கும் ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னு உட்டுட்டேன்கா. கொற ஒண்ணுமில்ல. மூஞ்சி கூட கொஞ்சம் பூசுனாப்ல ஆயிருக்கு.”

போனைப் பிரியாவிடம் கொடுத்துவிட்டு ராமாமிர்தம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பிரியாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் வளையல்கள் குலுங்கக் கைதட்டினாள். “ஏங்க, டிக்கெட்ட மாத்துங்க! இப்பவே மாத்துங்க! அப்பா நல்லாச் சாப்புடறாராம்!” இளவரசு போனை எடுத்தான். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்து அதைப் பைக்குள் வைத்துவிட்டான். “கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வரேன்,” என்று நகர்ந்தான்.

ராமாமிர்தம் நனைந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் அதற்குமுன் வேறு ஏதோ வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சிதம்பரத்தில் அக்கா வீட்டுக்காரர் இறந்த அன்று, உடலை எடுப்பதற்கு முன்பே அவள் பேருந்து ஏறினாள். மதிய வேளைக்கு இவருக்கு ஊட்ட வேண்டும். அக்கா வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு இவளோடு அதிகம் பேசியதில்லை. எந்தக் கல்யாணத்திலும் ராமாமிர்தம் பந்தி வரை நின்றதில்லை. ஆரம்பத்தில் ஒரு நர்ஸ் பெண்ணை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஊட்டும்போது ராமாமிர்தம் கதவோரம் நின்று பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவே இல்லை. ‘நான்தான் வேணும்’ என்று அன்றைக்கு முடிவு செய்தாள். கதவோரம் நின்றதுதான் தப்பு என்று இப்போது தெரிந்தது.

அவர் நன்றாக இருந்த காலத்திலும் அப்படித்தான். அந்த வீட்டில் ஆம்பளைகள் தட்டில் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. பக்கத்தில் நின்று பரிமாற வேண்டும். போதும் என்றோ இன்னும் வேண்டும் என்றோ அவர் சொல்ல மாட்டார். முகத்தைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லா இருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் இல்லாவிட்டால் சாப்பிட மாட்டார் என்பதை அவள் அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவர் தனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். அவர் சாப்பிட வேண்டும் என்று மூன்று வேளையும் வேண்டிக்கொண்டவள், தான் இல்லாமல் அவர் சாப்பிடக் கூடாது என்றும் அடியில் எங்கோ வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டில் ஒன்று பலித்துவிட்டது.

பிரியா பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். காலையில் ராமாமிர்தம் கிளறி வைத்த எலுமிச்சைச் சாதம். கரண்டியில் எடுத்து அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“எங்க, ஆ காட்டு.”

“அடி வாங்குவ,” என்று ராமாமிர்தம் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். “என்ன ஒருத்தரும் ஊட்ட வேணாம்.”

“அப்ப நீயே சாப்புடு. காலையில நீ ஒண்ணும் சாப்புடல.”

“ஒனக்கெப்படித் தெரியும்?”

“நீதான் எல்லாருக்கும் போட்டுட்டு அப்புறம் சாப்புடறேன்னு சொல்லிட்டு கெளம்பி வந்துட்டியே.”

ராமாமிர்தம் நாலு வாய் சாப்பிட்டாள். சாதம் காற்றில் சில்லிட்டிருந்தது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. இத்தனை நாளாக எல்லாவற்றிலும் உப்பு ஜாஸ்தியாகப் போட்டிருக்கிறாளோ என்னவோ, இவர்கள் சொல்லவில்லை.

“அம்மா,” என்றாள் பிரியா. குரல் மாறியிருந்தது. “நீ இருக்கணும்னு நான் சொல்லிட்டேன். நீ வராட்டியும் பரவால்லன்னு அப்பா சொல்லாம சொல்லிட்டாரு. ஒனக்கு என்னா வேணும்?”

ராமாமிர்தம் யோசித்தாள். அங்கே போனாலும் இங்கே இருந்தாலும் அவளுக்கு ஒரே வேலைதான்: யாரையாவது குளிப்பாட்டுவது, யாருக்காவது ஊட்டுவது. இதில் எதை விரும்புவது? வேறு பெண்கள் இதற்கு ஏதாவது பதில் வைத்திருப்பார்கள். எதிரே ராணியின் தலைக்குப் பக்கத்தில் வேறொரு வயதான தைவான்காரி இரண்டு விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு படத்துக்கு நின்றாள்.

“தூக்கம் வருதுடி,” என்றாள் ராமாமிர்தம்.

“என்னாது?”

“தூங்கணும். அஞ்சு வருஷமா மூணு வேளைக்கு நடுவுலதான் தூங்கியிருக்கறேன். காலையில எழுப்பாத. அவ்ளோதான் வேணும். தையில ஒன் புள்ள வந்து எழுப்பட்டும்.”

பிரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ராமாமிர்தம் திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பாக்கு போடு. நானே சொல்லிடறேன்.”

ரத்தினம்மாள் இம்முறை போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். தில்லைநாதன் தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தது. கன்னம் உண்மையிலேயே கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. அவர் கண் திரையில் தேடி, அவளைக் கண்டுபிடித்தது. உடனே உதடுகள் இறுகின.

“பாருங்க, பாருங்க,” ரத்தினம்மாள் சிரித்தாள். “கரண்டியும் இல்ல, தட்டும் இல்ல. அதுக்குள்ள மூடிக்கிட்டாரு.”

அவருடைய இடது கண்ணோரம் ஏதோ மின்னியது. ஐந்து வருடமாக எதிரே இருந்தது. கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது தெரிந்ததில்லை. விளையாட்டாக இருக்கலாம். அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே பேச்சாக இருக்கலாம். வெறுப்பாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எதுவானாலும் அது அவளுக்கென்று வைத்திருப்பது. ரத்தினம்மாளிடம் அவர் வெறுமே சாப்பிடுகிறார்.

“என்னங்க,” என்றாள். “நாளைக்கு நான் வரல. பிரியாவுக்குப் பொறந்தப்புறம்தான் வருவேன். வேளைக்கு வேளை இனிமே போன் வராது. ஞாயித்துக்கெழம பேசறேன். சாப்பாட்டு நேரத்துல இல்ல, சாப்ட்டப்புறம். ரத்தினத்துக்கிட்ட சாப்புடுங்க.”

அவர் அசையவில்லை. ராமாமிர்தத்துக்குத் தொண்டையில் “ஆ” என்று பழக்கம் எழும்பி வந்தது. உதட்டை அழுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். போனுக்கும் அவளுக்கும் நடுவே காற்று அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று அவள் பார்க்கவில்லை.

பிறகு அவர் வாய் மெல்லத் திறந்தது. இடது பக்கம் முதலில், பிறகு வலது பக்கம் இழுத்துக்கொண்டு, பெரிதாக, அகலமாக. ராமாமிர்தத்தின் கை தானாக முன்னால் நீண்டது, அதில் கரண்டி இல்லாவிட்டாலும்.

“கொட்டாவி உடறாருக்கா,” என்றாள் ரத்தினம்மாள். “மாத்திர போட்டாச்சில்ல. தூங்குவாரு.”

கண் செருகி அவர் தலையணையில் சாய்ந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்த ராமாமிர்தத்துக்கும் தாடை விரிந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்படி பெரிய கொட்டாவி. பிரியா போனை வாங்கி அணைத்தாள்.

“படுக்கறியா?”

“இங்கயா?”

“பெஞ்சுதான. விசில் அடிக்க மாட்டாங்க.”

ராமாமிர்தம் சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றி வெயிலில் வைத்தாள். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு மகளின் தொடையில், வயிற்றை இடிக்காத தூரத்தில், தலையை வைத்தாள்.

இளவரசு தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தபோது, பேசாதே என்று பிரியா விரலை உதட்டில் வைத்தாள்.